மங்கனீசின் இடத்தில் இரும்பு வேலை செய்யுமா?

பயிரின் இலை மஞ்சளாகத் தொடங்கியதும், "என்ன சத்துக் குறைந்துவிட்டது?" என்பதே கமக்காரர் மனத்தில் எழும் முதற் கேள்வியாகும். அயலவர் ஒருவர் இரும்பு குறைந்துள்ளது என்பார். மற்றொருவர் நாகம் குறைந்துள்ளது என்பார். கடைக்காரர் பல உலோகச் சத்துக்கள் கலந்த போத்தல் ஒன்றை எடுத்து நீட்டுவார். "எல்லாம் உலோகந்தானே, ஒன்று இல்லாவிடில் மற்றொன்று அந்த வேலையைச் செய்யாதா?" என்று எண்ணிப் பலர் பணத்தைச் செலவிடுகின்றனர். பயிர் தேறவில்லை என்று அறியும் வேளையில் போகத்தின் நல்ல காலம் கடந்துவிடுகின்றது.

இக்கேள்விக்கு ஐயத்திற்கு இடமின்றி விடை தரக்கூடிய சோதனை ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பற்றீரியாவில் நடத்தப்பட்டுள்ளது. அப்பற்றீரியாவின் உடலில் உள்ள நொதியம் ஒன்றிலிருந்து அதற்குரிய உலோகத்தை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் வேறு உலோகங்களை வைத்துப் பார்த்தனர். அதன் முடிவை அறிந்துகொள்ளும் கமக்காரர் தம் பயிருக்கு எதைக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கலாகாது என்பதைத் தெளிவாகச் சிந்திக்க இயலும்.

ஒட்சிசனால் வரும் தீமை

மனிதர், மாடு, நெற்பயிர், பற்றீரியாக்கள் பல ஆகியன காற்றிலுள்ள ஒட்சிசனைப் பயன்படுத்தியே உணவிலிருந்து வலுவைப் பெறுகின்றன. இவ்வேலை ஒழுங்காக நடைபெறும்போது ஒட்சிசன் நான்கு இலத்திரன்களைப் பெற்று நீராக மாறுகின்றது. எனினும், அதில் ஒரு சிறு பகுதி வழிதவறி ஓர் இலத்திரனை மாத்திரம் பெற்றுவிடும். இவ்வாறு உண்டாகும் பொருளுக்குச் சுப்பரொட்சைட்டு என்று பெயர்.

சுப்பரொட்சைட்டு கலத்தினுள் இருக்கத் தகாத பொருளாகும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த நிலையங்களைக் கொண்ட சில நொதியங்களை அது தாக்கி, அவற்றிலுள்ள இரும்பை வெளியேற்றிவிடும். வெளியேறிய இரும்பு ஐதரசன் பரவொட்சைட்டுடன் சேரும்போது, அதனிலும் பன்மடங்கு கொடிய பொருள் உண்டாகின்றது. அது புரதம், கொழுப்பு, பரம்பரைப் பொருள் ஆகிய எதனையும் விட்டுவைப்பதில்லை. எனவே, காற்றில் வாழும் உயிர்கள் சுப்பரொட்சைட்டு உண்டாகும் இடத்திலேயே அதனை அழித்துவிட ஒரு காவல் நொதியத்தை வைத்துள்ளன. அதன் பெயர் சுப்பரொட்சைட்டு டிசுமியூற்றேசு என்பதாகும். இப்பெயர் நீண்டதாகையால் இங்கு அதனைக் காவல் நொதியம் என்றே குறிப்பிடுவோம்.

காவல் நொதியம் இரண்டு சுப்பரொட்சைட்டு மூலக்கூறுகளை எடுத்து, ஒன்றைச் சாதாரண ஒட்சிசனாகவும் மற்றொன்றை ஐதரசன் பரவொட்சைட்டாகவும் மாற்றுகின்றது. புண் கழுவுவதற்கு மருந்துச்சாலையில் விற்கப்படும் நுரைக்கும் திரவத்தில் இருப்பது இந்த ஐதரசன் பரவொட்சைட்டே. அதனை வேறு நொதியங்கள் நீராக மாற்றிவிடுகின்றன.

காவல் நொதியம் கண்டறியப்பட்ட விதம்

1938ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் மான், கெய்லின் என்னும் இரு விஞ்ஞானிகள் மாட்டிரத்தத்திலிருந்து செம்பு அடங்கிய நீலநிறப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அதன் பயன் யாது என்பது அன்று எவருக்கும் விளங்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது வேலையறியாப் புரதமாகவே இருந்தது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மக்கோட், இர்வின் பிரிடோவிச் ஆகிய இருவரும் அப்புரதமே சுப்பரொட்சைட்டை அழிக்கும் நொதியம் என்று காட்டினர். அதில் செம்புடன் நாகமும் அடங்கியிருந்தது.

அடுத்த ஆண்டிலேயே, 1970இல், அதே ஆய்வுகூடத்தில் எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியாவிலிருந்து மற்றொரு காவல் நொதியம் பிரித்தெடுக்கப்பட்டது. மனிதரதும் விலங்குகளதும் குடலில் வாழும் பற்றீரியா இதுவாகும். அதன் நொதியம் நீலநிறமாக இருக்கவில்லை, இளஞ்சிவப்பு நிறங்கொண்டிருந்தது. அதில் செம்பும் இல்லை, நாகமும் இல்லை, மங்கனீசே இருந்தது. 1973இல் அதே பற்றீரியாவில் இரும்பைக் கொண்ட வேறொரு காவல் நொதியமும் கண்டறியப்பட்டது.

இந்நொதியங்கள் இல்லாவிடில் என்ன நேரும் என்பதும் ஆராயப்பட்டுள்ளது. 1986இல் பிரான்சிய ஆராய்ச்சியாளர் இவ்விரு நொதியங்களும் அற்ற எசரிக்கியா கோலைப் பற்றீரியாவை உண்டாக்கினர. காற்றில்லாத இடத்தில் அது நன்கு வளர்ந்தது. காற்றுள்ள இடத்தில், தனக்கு வேண்டிய அமினோ அமிலங்களைத் தானே ஆக்க இயலாது தவித்தது. அவற்றை வெளியிலிருந்து ஊட்டினாலன்றி அதற்கு வளர்ச்சி இல்லை. காற்று வாழ்வு தருவது. எனினும் காவல் இல்லாத கலத்திற்கு அக்காற்றே பகையாகின்றது.

உலோகத்தை மாற்றிய சோதனை

எசரிக்கியா கோலையின் மங்கனீசு நொதியமும் இரும்பு நொதியமும் உடன்பிறந்தவை போன்றவை. இரண்டின் புரதங்களும் ஏறத்தாழ ஒரே மாதிரியாக மடிந்துள்ளன. இரண்டிலும் உலோகத்தைப் புரதத்தின் நான்கு கைகள் ஒரே விதமாகப் பற்றியுள்ளன. ஐந்தாவதாக ஒரு நீர் மூலக்கூறும் உலோகத்தை ஒட்டி நிற்கின்றது. இத்துணை ஒற்றுமை இருக்கையில், ஒன்றின் உலோகத்தை மற்றதில் வைத்தால் என்ன குறை நேரும் என்று எவரும் கேட்பர்.

1976ஆம் ஆண்டில் பிரிடோவிச்சின் ஆய்வுகூடத்தில் இதற்கான சோதனை தொடங்கியது. நொதியத்தை வலுவான ஓர் உப்புக்கரைசலில், அமில நிலையில் வைத்தபோது அதன் மடிப்புத் தளர்ந்து, உள்ளிருந்த மங்கனீசு வெளியேறியது. உலோகத்தை இழந்த புரதம் நிறமற்றுப் போயிற்று. சுப்பரொட்சைட்டை அழிக்கும் ஆற்றலும் அதற்கு இல்லாதொழிந்தது. பின்னர் அமிலத்தை நீக்கி, மங்கனீசு உப்பைச் சேர்த்தபோது புரதம் மீண்டும் மடிந்தது. மங்கனீசு தன் இடத்தில் அமர, ஆற்றலும் திரும்பி வந்தது. அப்புரதம் கெட்டுவிடவில்லை, உலோகம் இல்லாமையே குறை என்பது இதனால் உறுதியாயிற்று.

அடுத்து, மங்கனீசுக்குப் பதிலாகக் கோபாற்று, நிக்கல், நாகம் ஆகியவற்றைத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தனர். மூன்றும் அவ்விடத்தில் அமர்ந்துகொண்டன. ஆனால் எதனாலும் நொதியம் வேலை செய்யவில்லை. அவற்றை அகற்றிவிட்டு மங்கனீசை மீண்டும் வைத்த பின்னரே ஆற்றல் திரும்பியது.

இதில் கமக்காரர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிழையான உலோகம் உள்ளே நுழைய முடியாமல் வெளியில் நிற்கவில்லை. அது நுழைந்தது, இடத்தைப் பிடித்துக்கொண்டது, வேலையை மாத்திரம் செய்யவில்லை. வெறுமையான இடத்திற்கு உரிய உலோகம் வந்து சேரலாம். பிறிதொன்று குடிபுகுந்த இடத்தில், உரியது வந்தாலும் அமர இடமில்லை. ஆகவே, பிழையான உலோகம் வெறுமையிலும் கேடானது என்றே சொல்லலாம்.

உயிருள்ள கலத்தினுள் நடப்பது

சோதனைக் குழாயில் நடந்தது உயிருள்ள பற்றீரியாவினுள்ளும் நடக்குமா? ஆம், நடக்கின்றது. 1991இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, மங்கனீசு நொதியத்தின் உலோக இடத்திற்காக இரும்பும் மங்கனீசும் கலத்தினுள்ளேயே போட்டியிடுகின்றன என்று காட்டியது. இரும்பு வென்ற மூலக்கூறுகள் உருவத்தில் நிறைவானவை, வேலையில் வெறுமையானவை. பற்றீரியா புரதத்தைச் செய்து முடித்துவிடுகின்றது. அதற்கு வேண்டிய வலுவையும் பொருளையும் செலவிட்டுவிடுகின்றது. பயன் மாத்திரம் கிட்டுவதில்லை.

சாதாரண நிலையில் அப்பற்றீரியா இவ்விடரை எவ்வாறு தவிர்த்துக்கொள்கின்றது என்பது நாம் கற்கவேண்டிய பாடமாகும். இரும்பு தாராளமாகக் கிடைக்கும்போது அது இரும்பு நொதியத்தை ஆக்குகின்றது. இரும்பு அரிதாகும்போது, இரும்பு நொதியத்தினுள் மங்கனீசைத் திணிக்க அது முயல்வதில்லை. இரும்பு நொதியத்தை ஆக்குவதைக் குறைத்து, மங்கனீசுக்கென்றே அமைந்த மற்ற நொதியத்தை ஆக்கத் தொடங்குகின்றது. அதாவது, கைப்பிடிக்குப் பொருந்தாத அலகை மாட்டுவதில்லை, கருவியையே மாற்றிவிடுகின்றது.

இரும்பு ஏன் வேலை செய்வதில்லை?

இதனை நீர் பாய்ச்சும் வயலைக்கொண்டு விளக்கலாம். மேல் வயல், நடு வயல், கீழ் வயல் என மூன்று வயல்கள் படிப்படியாக அமைந்துள்ளன என்று கொள்வோம். மேல் வயலின் நீர் நடு வயலுக்கு வந்து, அங்கிருந்து கீழ் வயலுக்குப் பாய வேண்டும். இதற்கு நடு வயலின் தரை மேல் வயலிலும் தாழ்ந்ததாகவும், கீழ் வயலிலும் உயர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். நடு வயல் மேடாகிவிட்டால் நீர் உள்ளே ஏறாது. அது பள்ளமாகிவிட்டாலோ, வந்த நீர் அங்கேயே தங்கிவிடும்.

காவல் நொதியத்தில் பாயும் நீர் இலத்திரனாகும். நடு வயலாக இருப்பது உலோகம். முதலில் வரும் சுப்பரொட்சைட்டு ஓர் இலத்திரனை உலோகத்திடம் கொடுத்து ஒட்சிசனாக மாறுகின்றது. அடுத்து வரும் சுப்பரொட்சைட்டு அந்த இலத்திரனை உலோகத்திடமிருந்து பெற்று ஐதரசன் பரவொட்சைட்டாகின்றது. உலோகம் வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். இரண்டும் நடைபெற அதன் மட்டம் சரியாக இருத்தல் அவசியம்.

மங்கனீசு இயல்பாகவே இலத்திரனை வலிந்து இழுக்கும் உலோகம். அது ஆழமான பள்ளம் போன்றது. இரும்பின் பள்ளம் அவ்வளவு ஆழமானதன்று. அமில நீரில் கரைந்துள்ளபோது மங்கனீசின் இழுவை ஏறத்தாழ 1.5 வோல்ற்று; இரும்பினது ஏறத்தாழ 0.77 வோல்ற்று. எனவே, மங்கனீசு நொதியத்தின் புரதம் அந்த ஆழமான பள்ளத்தை நிரம்ப மண்ணிட்டு உயர்த்த வேண்டியுள்ளது. இரும்பு நொதியத்தின் புரதத்திற்குச் சிறிதளவு மண்ணே போதுமானது. இவ்வாறு இரண்டும் ஏறத்தாழ ஒரே நடு மட்டத்திற்கு வந்துசேருகின்றன.

இப்பொழுது மங்கனீசு நொதியத்தில் இரும்பை வைத்தால் என்னாகும்? ஆழமில்லாத பள்ளத்தில் நிரம்ப மண் கொட்டியது போலாகும். நடு வயல் மேடாகிவிடும். சுப்பரொட்சைட்டு கொடுக்கும் இலத்திரன் அதில் ஏறாது. இரும்பு நொதியத்தில் மங்கனீசை வைத்தாலோ ஆழமான பள்ளத்தில் சிறிதளவு மண்ணே இட்டது போலாகும். வாங்கிய இலத்திரனை அது திருப்பிக் கொடாது. 1998இல் வான்சு, மில்லர் ஆகிய இரு ஆராய்ச்சியாளர் இவ்விளக்கத்தை அளவைகளுடன் முன்வைத்தனர். மட்டம் பிழைப்பதோடு, மங்கனீசின் இடத்தில் அமர்ந்த இரும்பைக் கலத்திலுள்ள நீரின் ஒரு கூறு ஒட்டி அடைத்துக்கொள்வதும் உண்டு என்று வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன.

உலோகம் நல்லதா, கெட்டதா என்பதன்று இங்கு கேள்வி. அவ்விடம் எந்த உலோகத்திற்காகச் சமன் செய்யப்பட்டுள்ளது என்பதே கேள்வி.

விதிவிலக்குகள்

இரண்டு உலோகங்களையும் ஏற்று வேலை செய்யும் காவல் நொதியங்களும் சில உயிர்களில் உண்டு. பாற்கட்டி செய்வதற்குப் பயன்படும் புரோப்பியோனி பற்றீரியா ஒன்றின் நொதியம் இரும்புடனும் மங்கனீசுடனும் இயங்குகின்றது என்று 1982இல் அறியப்பட்டது. அவரைக் குடும்பத்துப் பயிரான லூசணின் வேர்முடிச்சில் வாழும் பற்றீரியாவின் காவல் நொதியமும் அத்தகையதே. அந்நொதியத்தை இழந்த பற்றீரியா வேரினுள் நன்கு குடிபுக முடியாது தளர்ந்தது என்று 2000ஆம் ஆண்டில் காட்டப்பட்டது. பயறு, கௌபி ஆகிய பயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பெறுவதும் இவ்வகை வேர்முடிச்சுப் பற்றீரியாக்களின் உதவியாலேயே என்பதை நீங்கள் அறிவீர்கள்.

மனிதரின் தோலிற் புண்களை உண்டாக்கும் பொற்கோளப் பற்றீரியாவோ இரு நொதியங்களை வைத்துள்ளது. ஒன்று மங்கனீசை மாத்திரமே ஏற்கும். நம் உடல் அப்பற்றீரியாவுக்கு மங்கனீசு கிட்டாதபடி மறைத்துவைக்கின்றது. அவ்வேளையில் இரும்பையும் ஏற்கும் இரண்டாவது நொதியம் அதற்குக் கைகொடுக்கின்றது. 2020இல் வெளியான ஆய்வொன்று, உலோகத்தின் அயலிலுள்ள ஓரிரு அமினோ அமிலங்களை மாற்றினாலே ஒரு நொதியம் மற்றதன் குணத்தைப் பெருமளவில் ஏற்கும் என்று காட்டியது. மட்டத்தைச் சிறிது செம்மைப்படுத்தினால் வேறு நீரும் பாயும், செம்மைப்படுத்தாமல் பாயாது.

முதல் மழையில் மண்மணத்தைத் தரும் திரெத்தோமைசீசுப் பற்றீரியாக்கள் சிலவற்றில் நிக்கலைக் கொண்ட காவல் நொதியம் உள்ளதென 1996இல் அறியப்பட்டது. எசரிக்கியா கோலையின் நொதியத்தில் பயனற்றுப் போன அதே நிக்கல், தனக்கென அமைந்த வேறு புரதத்தில் நன்கு வேலை செய்கின்றது. விதிவிலக்குகள் போலத் தோன்றும் இவையும் முன்னர் கூறிய விதியையே உறுதிப்படுத்துகின்றன.

நெற்பயிரிலும் இதுவே விதி

உங்கள் நெற்பயிரின் இலையிலும் காவல் நொதியங்கள் உள்ளன. பச்சையவுருமணியிலும் கலத்தின் நீர்ப்பகுதியிலும் செம்பும் நாகமும் சேர்ந்த நொதியம் உண்டு. பச்சையவுருமணியில் இரும்பு நொதியமும், சுவாசம் நடைபெறும் இழைமணியில் மங்கனீசு நொதியமும் உண்டு. கடும் வெயிலில் இலையினுள் சுப்பரொட்சைட்டு அதிகம் உண்டாவதால் இவற்றின் வேலையும் அதிகமாகும். நாகம் குறைந்த பயிர்களில் காவல் நொதியத்தின் ஆற்றல் குன்றுவதும், வெயில் கூடிய இடத்தில் அவற்றின் இலைகள் விரைவில் வெளிறிக் கருகுவதும் அவதானிக்கப்பட்டுள்ளன. அந்த நாகத்தின் வேலையை இரும்பைத் தெளித்து ஈடுசெய்ய இயலாது.

வயலில் அடிக்கடி மாறாட்டஞ் செய்யப்படும் மூன்று நிலைகளை இனிக் காண்போம்.

*இரும்பு மிகுதல்.* ஈரவலயத்தின் வடிகாலற்ற தாழ்நில வயல்களில் இது காணப்படும். நீர் தேங்கிய மண்ணில் இரும்பு கரையுந் தன்மையை அடைந்து, அளவுக்கு மேல் வேரினுள் ஏறுகின்றது. முதிர்ந்த கீழிலைகளின் நுனியில் சிறு கபிலப் புள்ளிகள் தோன்றி, அடியை நோக்கிப் பரவும்; பின்னர் இலை செம்மஞ்சள் கலந்த கபில நிறமடைந்து காயும். வேர்களின் மேல் துருப்போன்ற படை காணப்படும். இதனைப் பங்கசு நோயென்று எண்ணி மருந்து தெளிப்பது வீண் செலவு. சத்துக் குறைவென்று எண்ணி இரும்பு கலந்த திரவத்தைத் தெளிப்பது எரியும் வீட்டில் எண்ணெய் வார்ப்பதாகும். நீரை வடித்து மண்ணுக்குக் காற்றுப் படவிடுதல், பொட்டாசியப் பசளையைக் குறைவின்றி இடுதல், இரும்பு நச்சைத் தாங்கும் இனங்களைப் பயிரிடுதல் ஆகியனவே தக்க வழிகளாம். பொம்புவல ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட பி.டபிள்யூ. வரிசை இனங்களுள் இத்தகையன உண்டு.

*நாகம் குறைதல்.* காரத்தன்மை கூடிய மண்ணிலும், எப்பொழுதும் நீர் நிற்கும் வயலிலும், பொசுபேற்றுப் பசளை மிகையாக இடப்பட்ட இடத்திலும் இது தோன்றும். நாற்று நட்டு இரண்டு முதல் நான்கு கிழமைகளுள் பயிர் குட்டையாகி, வயல் ஒரே சீராக இராது திட்டுத்திட்டாகத் தோன்றும். இளம் இலைகளின் நடுநரம்பு அடிப்பகுதியில் வெளிறும். இலைகளில் தூசி படிந்தாற்போலக் கபிலப் புள்ளிகள் உண்டாகும். இதற்குரிய பரிகாரம் நாகசல்பேற்று ஆகும். இதன் புள்ளிகளையும் இரும்பு மிகுதியின் புள்ளிகளையும் ஒன்றாகக் கருதிவிடலாகாது. ஒன்றில் வயலுக்குச் சேர்க்க வேண்டியுள்ளது. மற்றதில் வயலிலிருந்து வடிக்க வேண்டியுள்ளது.

*சுண்ணாம்பு மண்ணில் மஞ்சளித்தல்.* யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் மண் போன்ற இடங்களில் இரும்பு, மங்கனீசு, நாகம் ஆகியன மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாதபடி பிணைக்கப்பட்டுள்ளன. மரக்கறிப் பயிர்களின் இளம் இலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். இரும்புக் குறைவும் மங்கனீசுக் குறைவும் பார்வைக்கு மிக ஒத்திருப்பதால், கண்ணை மாத்திரம் நம்பி முடிவுசெய்தல் நன்றன்று. மண்ணையும் இலையையும் பரிசோதிப்பித்து அறிதல் வேண்டும். சாணமும் பசுந்தாட்பசளையும் தாராளமாக இடுவதால் பிணைக்கப்பட்ட உலோகங்கள் ஓரளவு விடுபட்டு வேருக்குக் கிட்டும்.

பழைய களைநாசினிப் போத்தல் பற்றி எச்சரிக்கை

சுப்பரொட்சைட்டின் கொடுமையைக் கமக்காரர் பலர் தம் கண்ணாலேயே கண்டுள்ளனர். பரக்குவாற்று என்னும் களைநாசினி, பச்சையவுருமணியில் ஓடும் இலத்திரன்களைக் கவர்ந்து ஒட்சிசனிடம் கொடுத்து, சுப்பரொட்சைட்டை ஓயாது உண்டாக்கும். தெளித்த களை வெயிலில் விரைந்து கருகியமைக்குக் காரணம் இதுவே. எசரிக்கியா கோலைக்குப் பரக்குவாற்றைக் கொடுத்தபோது அது மங்கனீசு நொதியத்தைப் பெருமளவில் ஆக்கித் தன்னைக் காத்துக்கொள்ள முனைந்தது என்று 1977இல் அறியப்பட்டது.

மனித உடலுக்கு அத்தகைய தப்பும் வழி போதாது. வாய்வழி உட்சென்ற பரக்குவாற்று சுவாசப்பையிற் சேர்ந்து அதே தீமையைச் செய்கின்றது. அதற்கு முறிமருந்து இல்லை. பல உயிர்களைப் பலிகொண்டமையால் இலங்கையில் அது 2008ஆம் ஆண்டு முதல் 2011ஆம் ஆண்டு வரை படிப்படியாகப் பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. பழைய போத்தல் எதுவும் உங்கள் களஞ்சியத்தின் மூலையில் எஞ்சியிருப்பின் அதனைத் திறக்க வேண்டாம். வேறு போத்தலில் ஊற்ற வேண்டாம். கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம். பிள்ளைகளின் கைக்கு எட்டாதவாறு பூட்டிவைத்து, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்து, அவர் கூறும் முறைப்படி ஒப்படையுங்கள்.

வயலிற் செய்யக்கூடிய சோதனை

ஆராய்ச்சியாளர் ஒரு நேரத்தில் ஓர் உலோகத்தையே நொதியத்திற்குக் கொடுத்துப் பார்த்தனர். எல்லாவற்றையும் ஒருங்கே கலந்து கொடுத்திருப்பின், எது வேலை செய்தது, எது இடத்தை அடைத்தது என்பதை அவர்கள் ஒருபோதும் அறிந்திருக்கமாட்டார்கள். நீங்களும் இம்முறையைப் பின்பற்றலாம்.

குறை தெளிவாகத் தெரியும் இடத்தில் ஒரே தன்மையான மூன்று சிறு பாத்திகளைத் தெரிந்து, நான்கு மூலையிலும் தடி நாட்டுங்கள். முதற் பாத்திக்கு நீங்கள் ஐயுறும் ஒரு சத்தை மாத்திரம், போதனாசிரியர் கூறும் அளவிற் கொடுங்கள். இரண்டாவதற்கு ஐயத்திற்குரிய மற்றச் சத்தைக் கொடுங்கள். மூன்றாவதற்கு எதனையும் கொடுக்க வேண்டாம். நெல் வயலாயின், ஒன்றின் நீர் மற்றதிற் கலவாதபடி இடையில் வரம்பு கட்டுங்கள். இரண்டு கிழமைகளின் பின்னர், புதிதாக வெளிவந்த இலைகளைப் பாருங்கள். பழைய இலையில் விழுந்த வடு மாறாது, ஆகையால் அதனைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். எதுவுங் கொடாத பாத்தியும் தானாகவே தேறியிருப்பின், உங்கள் பயிருக்கு மருந்து தேவைப்படவில்லை என்பது பெறப்படும். அந்தப் பாத்தி மிச்சப்படுத்தித் தரும் பணம் சிறிதன்று.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. ஓர் உலோகச் சத்து மற்றொன்றிற்கு ஈடாகாது. இடத்தை நிரப்புவது வேறு. வேலையைச் செய்வது வேறு.

2. அளவுக்கு மிஞ்சிய உலோகம் உரிய உலோகத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குறையறியாமற் கொடுப்பது கொடாமையிலும் கேடு.

3. கபிலப் புள்ளி கண்டதும் பங்கசுநாசினியை வாங்க ஓட வேண்டாம். கீழிலையா, இளம் இலையா என்று முதலிற் பாருங்கள். வேரைப் பிடுங்கிப் பாருங்கள். வயலில் நீர் வடிகின்றதா என்று பாருங்கள்.

4. செம்பு அடங்கிய பங்கசுநாசினிகளை வேண்டியபோது மாத்திரம், குறித்த அளவிற் பாவியுங்கள். மண்ணிற் சேர்ந்த செம்பு எளிதில் நீங்குவதில்லை.

5. பரிகாரத்தை முதலில் ஒரு சிறு பாத்தியிற் சோதித்து, பின்னரே வயல் முழுவதற்கும் கொடுங்கள்.

6. மண் பரிசோதனை பற்றியும் சத்துக்களின் அளவு பற்றியும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ கேட்டறிந்துகொள்ளுங்கள். போகுமுன்னர், நோயுற்ற பயிர் ஒன்றை வேருடன் பிடுங்கி, நல்ல பயிர் ஒன்றையும் அதனுடன் எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாற் குறையைக் கண்டறிவது எளிதாகும்.